தலைக்கு இவ்வளவு என்றால், எந்தத் தலைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் உலக நாடுகளின் தனிநபர் உற்பத்தியை வரிசைப்படுத்தி ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் அந்தப் பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு வந்தாள். "அப்பா, கத்தார்ல ஒரு ஆளுக்கு எழுபதாயிரம் டாலருக்கு மேலன்னு போட்டிருக்கு. நம்ம நாட்டுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான். நீங்க அங்க பதினாலு வருஷம் இருந்தீங்களே, அப்ப உங்களுக்கு ஏன் அவ்வளவு சம்பளம் வரலை?" என்று கேட்டாள்.

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. அட்டவணையைப் பார்க்கும் யாருக்கும் எழக்கூடிய நேரான கேள்விதான் அது. அன்று ராத்திரி அவளுக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்துக்காரன். 2008 முதல் 2022 வரை தோகாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக இருந்தேன். தங்கியது சனையாவில், அதாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா கேம்ப்பில். விடியற்காலை நாலேகாலுக்கு கேம்ப் கேட்டில் பஸ்கள் வந்து நிற்கும். டார்ச் அடித்து ஒவ்வொருவரின் அட்டையையும் பார்த்து ஆள் ஏற்றுவேன். யார் வந்தார், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் லீவில் ஊருக்குப் போயிருக்கிறார், யாரை வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று ஷீட்டில் குறிக்க வேண்டும். பின்னாளில் கைரேகை மெஷின் வந்த பிறகும் ஷீட் நிற்கவில்லை. மாதக் கடைசியில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை மணிகளைக் கூட்டி அலுவலகத்துக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. அதில் ஒரு மணி நேரம் விட்டுப்போனால், யாரோ ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் அது குறையும். அதனால் ஆள் எண்ணுவதை நான் ஒருநாளும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு கட்டடத்தில் பூச்சு வேலை நடந்தபோது வந்த தகராறு ஒன்றைச் சொல்கிறேன். 30 கொத்தனார், 30 ஹெல்பர். அன்றைக்கு 360 சதுர மீட்டர் பூசியிருந்தார்கள். ஃபோர்மேன் தன் ரிப்போர்ட்டில் ஆளுக்கு 12 மீட்டர் என்று எழுதினார். அலுவலகத்தில் இருந்த என்ஜினியர், ஆளுக்கு 6 மீட்டர்தான் ஆகியிருக்கிறது என்று சத்தம் போட்டார். ஃபோர்மேன் கொத்தனாரை மட்டும் வைத்து வகுத்திருந்தார், என்ஜினியர் ஹெல்பரையும் சேர்த்துக்கொண்டார். இருவர் கையிலும் இருந்தது என் ஷீட்டின் நகல்தான். சுவரில் ஏறிய பூச்சும் அதேதான். மறுநாள் ஃபோர்மேன் தனியாக என்னிடம் வந்து, கீழே மணல் சலிக்கிற பத்துப் பேரை வேறு சைட் கணக்கில் போட்டுவிடும்படி கேட்டார். போட்டிருந்தால் என்ஜினியர் வகுத்தாலும் 7 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். நான் போடவில்லை.

நாடுகளின் தனிநபர் உற்பத்தியும் இதே மாதிரி வகுத்தல் கணக்குதான். நாட்டுக்குள் ஓர் ஆண்டில் உற்பத்தியானவற்றின் மதிப்பு மேலே, மக்கள்தொகை கீழே. மேலே இருக்கும் எண்ணைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கீழே இருக்கிற ஆட்கள் யார் என்று கேட்பவர்கள் குறைவு.

கத்தாரில் 2004-ல் எடுத்த கணக்கின்படி மக்கள்தொகை 7 லட்சத்து 44 ஆயிரம். 2010 ஏப்ரலில் எடுத்தபோது ஏறக்குறைய 17 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு எங்கள் கேம்ப்புக்கும் வந்தது. அறை அறையாகப் போய் எழுதிக்கொண்டார்கள், என் பெயரும் அதில் ஏறியது. 2020-ல் 28 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் அந்த நாட்டுக் குடிமக்கள் பத்தில் ஒருவர், மிஞ்சினால் எட்டில் ஒருவர். மற்றவர்கள் எங்களைப் போல வேலைக்கு வந்தவர்கள். மக்கள்தொகையில் நாலில் மூன்று பங்கு ஆண்கள் என்பதைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட தொகை என்று புரியும். எங்கள் கேம்ப்பில் ஒரு குழந்தை கிடையாது, ஒரு கிழவி கிடையாது. படுத்த படுக்கையாகிவிட்டவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இருப்பவர் எல்லாம் உழைக்கிற வயதுக்காரர். அப்படி ஆட்களைச் சேர்த்து வைத்து வகுத்தால் எந்த இடத்துக்கும் சராசரி ஏறும்.

சரி, மகளின் கேள்விக்கு வருகிறேன். 2021 மார்ச்சில் அந்த நாட்டு அரசு எல்லாத் தொழிலாளர்களுக்கும் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால் என்று சட்டம் கொண்டுவந்தது. தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனி தராவிட்டால் அதற்குத் தனியாக 500-ம் 300-ம் கொடுக்க வேண்டும். டாலருக்கு 3.64 ரியால் என்று அங்கே விலையை நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாதம் 1,000 ரியால் என்றால் வருஷத்துக்கு 12,000 ரியால், டாலரில் 3,300. நீங்கள் அட்டவணையில் போட்ட தொகையில் இது இருபதில் ஒரு பங்குகூட வராது. ஆனால் அந்த 1,000 ரியால் ஆளும் கீழே உள்ள எண்ணில் ஒரு முழு ஆளாகத்தான் நிற்கிறான்.

மீதி எங்கே போகிறது என்று மகள் கேட்டாள். அந்த நாட்டின் செல்வம் பெரும்பாலும் ராஸ் லஃபான் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறும் எரிவாயுவில் இருக்கிறது. அந்த எரிவாயு வருவது, கடலுக்கு அடியில் ஈரானோடு பங்கிட்டுக்கொண்டிருக்கும் வயலிலிருந்து. அந்த வேலைக்கு வேண்டிய ஆட்கள் குறைவு, வருமானம் மிகப் பெரிது. அது அரசுக்கும் எரிவாயுக் கம்பெனிகளுக்கும் போகிறது. உற்பத்தி என்பது அங்கே உண்டானதன் மொத்த மதிப்பு. அதில் கூலியாக யார் கைக்கு எவ்வளவு போனது என்பதை அந்த எண் சொல்லாது. இதை நான் அந்த நாட்டைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அங்கே போயிருக்காவிட்டால் என் தங்கை கல்யாணமும் நடந்திருக்காது, இந்த வீடும் நின்றிருக்காது. ஒருமுறை சைட்டில் கால் உடைந்தபோது ஹெல்த் கார்டை வைத்தே அரசு மருத்துவமனையில் நன்றாகப் பார்த்தார்கள். எனக்கு வருத்தமெல்லாம், அந்த ஊரை ஒரே எண்ணில் அடக்கி, "அங்கே ஒவ்வொருவரும் இவ்வளவு சம்பாதிக்கிறார்கள்" என்கிற மாதிரி நாம் படித்துக்கொள்வதில்தான். அந்த எண்ணை நம்பி நிலத்தை அடகு வைத்து ஏஜெண்டிடம் பணம் கட்டிய பையன்களை நான் பஸ் ஏற்றியிருக்கிறேன்.

இனி இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் எங்கள் கிராமத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் ஆசிரியை வந்தார். என் மனைவி முதலில் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். "வெளிநாட்டில் இருப்பவரை எழுத முடியாதும்மா" என்று அவர் விட்டுவிட்டு, மனைவி, மகள், என் அம்மா என்று மூன்று பேரை எழுதிக்கொண்டார். விதிப்படி அது சரிதான். உழைக்கிற ஆள் கத்தாரின் எண்ணிக்கையில். சாப்பிடுகிற, படிக்கிற, மருந்து வாங்குகிற மூன்று பேர் புதுக்கோட்டை மாவட்டத்தின் எண்ணிக்கையில். எங்கள் தெருவில் இப்படி ஒன்று விட்டு ஒரு வீடு. இந்த மாவட்டத்தின் தனிநபர் உற்பத்தி சென்னைப் பக்கத்து மாவட்டங்களைவிடக் குறைவு என்று பேசும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். வானம் பார்த்த நிலமும் தொழிற்சாலை இல்லாததும் பெரிய காரணங்கள். ஆனால் ஆட்களே வெளியே போய் உழைப்பதும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வேறு கணக்கு. தலைக்கட்டு வரி போடும்போது சிங்கப்பூரில் இருப்பவன், தோகாவில் இருப்பவன், திருப்பூரில் இருப்பவன் எல்லோரும் ஊர்த் தலைக்கட்டில்தான் சேர்வார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண் நடத்தும் வீட்டுக்கு அரைத் தலைக்கட்டு. தனிக்குடித்தனம் போய்விட்ட, இன்னும் கல்யாணமாகாத பையனை எண்ணலாமா என்று ஒவ்வொரு வருஷமும் மரத்தடியில் ஒரு மணி நேரமாவது பேச்சு நடக்கும். கூட்டம் முடிவதற்குள் யார் யாரை எண்ணினோம், ஏன் எண்ணினோம் என்பது அங்கே உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் தெரிந்துவிடும்.

நான் மாதாமாதம் அனுப்பிய பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் 700 ரியால், கடைசியில் 1,500 ரியால் வரை அனுப்பினேன். அந்தப் பணம் நம் நாட்டின் உற்பத்திக் கணக்கில் சேராது, ஏனென்றால் உழைப்பு இங்கே நடக்கவில்லை. அதே பணத்தில் வீடு கட்டியபோது கொத்தனாரின் கூலியும் செங்கல் சூளைக்காரரின் வியாபாரமும் இங்கே உற்பத்தியாகிவிட்டன. மளிகைக் கடைக்காரரின் லாபமும் அப்படியே. என்னோடு ஒரே அறையில் நேபாளத்துக்காரர் ஒருவர் நாலு வருஷம் இருந்தார். அவர் நாட்டுக்கு வெளியூரிலிருந்து வரும் பணம், அந்த நாட்டு உற்பத்தியின் அளவோடு வைத்துப் பார்த்தால் நாலில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கும். உற்பத்தி எண்ணை மட்டும் பார்த்தால் அந்த வீடுகளில் எப்படி அடுப்பு எரிகிறது என்பது தெரியாது.

அதனால்தான் குடும்பங்கள் செலவழிப்பதைத் தனியாகக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 2022-23-ல் மத்திய அரசு எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், கேரளக் கிராமங்களில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு 5,924 ரூபாய், தமிழகக் கிராமங்களில் 5,310, அகில இந்தியாவுக்கு 3,773. கேரளம் முன்னால் நிற்பதில் வளைகுடாப் பணத்துக்கு நிச்சயம் பங்கு உண்டு.

இதே ஆண்டுக்குத் தமிழகத்தின் தனிநபர் வருமானம் 2.78 லட்சம் ரூபாய், நாட்டின் சராசரி 1.69 லட்சம். நாம் 1.64 மடங்கு என்று அரசு பெருமையோடு சொன்னது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், நானும் மகிழ்ந்தேன். ஆனால் இங்கே "வருமானம்" என்று சொல்வது, மாநிலத்துக்குள் நடந்த உற்பத்தியில் தேய்மானத்தைக் கழித்துவிட்டு ஆள்கணக்கில் வகுத்த தொகை. செலவுக் கணக்கை எடுத்து அருகில் வைத்தால், கிராமத்தில் நாம் நாட்டின் சராசரியைப் போல 1.4 மடங்கு செலவழிக்கிறோம். நகரத்தில் தமிழகம் 7,630, நாடு 6,459, அதாவது 1.2 மடங்குகூட முழுசாக இல்லை. உற்பத்தியில் இவ்வளவு முன்னே இருக்கும் நாம் வீட்டுச் செலவில் ஏன் அந்த அளவுக்கு முன்னே இல்லை? சேமிப்பா, வெளியே போகும் லாபமா, விலைவாசியா, இல்லை கணக்கெடுக்கும் முறையா? இதைப் பற்றி உங்கள் நிருபர்கள் ஒரு கட்டுரை எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன். முதலிடம், நாலாமிடம் என்று மட்டும் போட்டுவிட்டால் இந்தக் கேள்வியே யாருக்கும் எழாது.

உங்கள் அட்டவணையின் உச்சியில் இருக்கும் லக்சம்பர்க் கத்தாருக்கு நேர் எதிர் கதை. பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் தினமும் காலையில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி அங்கே வேலைக்கு வந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையே 7 லட்சத்துக்குள்தான். வந்து போகிறவர்களின் உழைப்பு மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடும், அவர்கள் தலை கீழே சேராது. என் ஷீட்டில் பூச்சை மட்டும் எழுதிவிட்டு பாதிக் கொத்தனார்களை எழுதாமல் விட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அயர்லாந்தில் 2015-ல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்துவிட்டது என்று கணக்கு வந்தது. அந்த ஆண்டில் அயர்லாந்துக்காரர் யாரும் கால்வாசி கூடுதல் பணக்காரராகிவிடவில்லை. பன்னாட்டுக் கம்பெனிகள் தங்கள் காப்புரிமை முதலிய சொத்துகளை அந்த நாட்டுக் கணக்குக்கு மாற்றியதில் வந்த வளர்ச்சி அது. அந்த நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தைப் பாராட்ட வேண்டும். இந்த எண் நம் மக்களின் நிலையைக் காட்டவில்லை என்று உணர்ந்து, 2017 முதல் திருத்திய தேசிய வருமானம் என்று வேறொரு கணக்கையும் வெளியிடுகிறார்கள். அது பழைய எண்ணில் பாதிக்குச் சற்று மேல்தான் வருகிறது. நம் நாட்டில் சிக்கிம் தனிநபர் கணக்கில் முன்வரிசையில் நிற்கிறது. ஆறேழு லட்சம் பேர் உள்ள மாநிலத்தில் பெரிய மருந்துத் தொழிற்சாலைகளும் தீஸ்தா ஆற்று நீர்மின் நிலையங்களும் வந்தால் வகுத்து வரும் எண் பெரிதாகத்தானே இருக்கும்? அந்த லாபத்தில் எவ்வளவு அந்த மலைக் கிராமங்களில் தங்குகிறது என்பது வேறு கேள்வி.

அப்புறம், டாலர். நான் போனபோது ஒரு ரியாலுக்கு 11 ரூபாய் சொச்சம். திரும்பி வந்தபோது 21 ரூபாய்க்கு மேல். அதே 1,000 ரியால் ஊரில் இரண்டு மடங்கு ரூபாயானது, ஆனால் கொத்தனார் கூலியும் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. நாடுகளின் பட்டியலிலும் இதேதான் நடக்கிறது. ஜப்பானின் தனிநபர் உற்பத்தி 2012-ல் 49 ஆயிரம் டாலருக்கு அருகில் இருந்தது, 2023-ல் 34 ஆயிரத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஜப்பானியர்கள் வேலை செய்வதை மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளவில்லை. யென் விழுந்துவிட்டது, அவ்வளவுதான். இதைச் சரிசெய்யத்தான் வாங்கும் சக்தியை வைத்துக் கணக்கிடும் முறை இருக்கிறது. ஐ.நா.வும் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் 1968-ல் தொடங்கிய வேலை அது, இப்போது உலக வங்கி நடத்துகிறது. அரிசி, வாடகை, முடிவெட்டும் கூலி என்று ஒவ்வொரு நாட்டிலும் விலை எடுத்து ஒப்பிடுகிறார்கள். 2017-ம் ஆண்டுக் கணக்கின்படி சந்தையில் ஒரு டாலர் 65 ரூபாய், ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இங்கே 20 ரூபாய் 65 காசில் வாங்க முடிந்தது. எந்த விலையை வைப்பது என்பதிலேயே மூன்று மடங்கு வித்தியாசம் வந்துவிடுகிறது. சனையாவில் முடிவெட்டக் கொடுத்த பணத்தில் எங்கள் ஊர் சலூனில் முடியும் வெட்டி, ஷேவிங்கும் செய்துகொண்டு, டீயும் குடித்துவிட்டு வரலாம். உங்கள் அட்டவணையைச் சந்தை டாலரை வைத்துப் போட்டீர்களா, வாங்கும் சக்தியை வைத்துப் போட்டீர்களா என்று அடியில் ஒரு வரிகூட இல்லை.

இதையெல்லாம் எழுதுவதால் இந்த எண்ணே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் சைட்டில் கொரிய என்ஜினியர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா 1970-களின் கடைசியில் சவூதியில் கட்டட வேலை செய்தவராம். அந்தக் காலத்தில் கொரியர்கள் எங்களைப் போலத்தான் கூட்டம் கூட்டமாக வளைகுடாவுக்கு வந்து கேம்ப்பில் தங்கி உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பியிருக்கிறார்கள். 1960-ல் தென் கொரியாவின் தனிநபர் உற்பத்தி 160 டாலருக்குள், நம்முடையது 80 டாலரை ஒட்டி. இன்று அவர்களுடையது 30 ஆயிரம் டாலருக்கு மேல். ஒரே தலைமுறையில் கூலிக்கு வந்தவரின் மகன் என்ஜினியராக வந்து நிற்கிறார். நாலைந்து சதவீத வித்தியாசத்தில் யார் முந்தினார் என்று இந்த எண்ணை வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. ஐம்பது வருஷத்தை வைத்து அளந்தால் அது உண்மையைச் சொல்கிறது.

நம் நாட்டில் இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுக் காட்டியவர் தாதாபாய் நவுரோஜி. 1867-68-ல் ஓர் இந்தியரின் பங்குக்கு ஆண்டு உற்பத்தி 20 ரூபாய் என்று கணக்கிட்டார். அதோடு நிறுத்தவில்லை. சிறையில் ஒரு கைதிக்குச் சோறும் துணியும் கொடுக்க எவ்வளவு செலவாகிறது, கல்கத்தாவிலிருந்து கப்பலேறும் கூலித் தொழிலாளிக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்று அரசாங்கமே போட்டிருந்த கணக்குகளை எடுத்து அருகில் வைத்தார். வெளியே உழைப்பவனின் பங்கு உள்ளே இருக்கும் கைதியின் செலவைவிடக் குறைவு என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. கிளை நூலகத்தில் இதைப் படித்தபோது, கப்பல் கூலிகளுக்கான அரிசி அளவு வந்த இடத்தில், எனக்கு எங்கள் மெஸ் ஹாலில் வரிசையில் நின்றது நினைவுக்கு வந்தது. எழுந்து கொஞ்ச நேரம் வெளியே நின்றுவிட்டு வந்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இது. இனி இந்த மாதிரி அட்டவணை போடும்போது, எந்த ஆண்டு, சந்தை டாலரா வாங்கும் சக்தியா என்று அடியில் ஒரு வரி போடுங்கள். உற்பத்தி எண்ணுக்குப் பக்கத்தில் சாதாரண ஆளின் கூலியோ குடும்பச் செலவோ ஒரு பத்தியாவது இருக்கட்டும். வேலைக்கு வந்தவர்களே பெரும்பான்மையாக இருக்கும் நாடு என்றால் ஒரு உடுக்குறி போட்டுச் சொல்லுங்கள். இடம் பற்றாது என்றால் ஐம்பது நாடுகளுக்குப் பதில் பத்து நாடுகள் போதும். படிக்கிற பிள்ளைகள் இதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்கிறார்கள், என் மகளும் ஒட்டியிருக்கிறாள்.

2027 பிப்ரவரியில் மறுபடி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2001-க்குப் பிறகு என் பெயர் என் வீட்டிலேயே எழுதப்படுவது இதுதான் முதல்முறை. என் அண்ணன் மகன் இப்போது தோகாவில் இருக்கிறான், அவன் பெயர் இங்கே ஏறாது. இந்த வருஷத் தலைக்கட்டு வரியை மட்டும் நேற்றே அனுப்பிவிட்டான்.

இப்படிக்கு,
தோகாவில் டைம்கீப்பராக இருந்து ஊர் திரும்பிய வாசகர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.